மேலச்சுனை

மலையம்மாள் கையால் துடைத்து, எடை போட்டு, பெற்றவளிடம் காட்டிய பிள்ளைகள் ஆரப்பாளையத்தைச் சுற்றி எத்தனை தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று அவளுக்கே தெரியாது. அங்கே ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். பிறந்த பிள்ளைக்கு எங்கே பிறந்தாய், எப்போது பிறந்தாய் என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறது. சொல்கிற ஆளுக்குத்தான் தான் பிறந்த இடம் எதுவென்று தெரியாமல் போயிற்று.

அடியோடு தெரியாது என்றும் சொல்ல முடியாது. பேரிலேயே மலை இருக்கிறதே. அப்பா மொக்கைச்சாமி எழுமலைக்குப் பக்கத்தில் ஆடு வைத்திருந்தவர். இப்போது கோச்சடையில் மகள் வீட்டில், டிவி உண்டு தான் உண்டு என்று இருக்கிறார். கேட்டால் ஒரே பதில்தான் வரும். "ஆட்டுக்குப் போன எடத்துல, மேலச்சுனையில வச்சு ஒங்கம்மா ஒன்னையப் பெத்தா." அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால் டிவி சத்தம் கூடிவிடும். அம்மாவிடம் கேட்டால் அதைவிட மோசம். "மலையிலதான்டி பெத்தேன், ஒம் பேரப் பாத்தாத் தெரியலையா" என்று சொல்லிவிட்டு, எரியாத அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

அந்த அம்மாவும் போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகுதான் மலையம்மாளுக்கு மனசின் அரிப்பு தாங்க முடியவில்லை. இரவு டியூட்டியில் யாரோ பெற்ற பிள்ளையைத் துடைக்கும்போதெல்லாம், என்னை யார் துடைத்திருப்பார்கள், எதைக் கொண்டு துடைத்திருப்பார்கள் என்று தோன்றும். அம்மா வீட்டுப் பக்கம் போய்க் கேட்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அம்மா பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம், கடமலைக்குண்டுக்கு அருகில். அப்பா அம்மா கல்யாணப் பந்தியில் யாரை முதலில் உட்கார வைப்பது என்று தொடங்கிய சண்டையில் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்தே அற்றுப்போனது. தாய்மாமன் என்று ஒருவர் உண்டு என்பதைத் தவிர மலையம்மாளுக்கு அந்த ஊரைப் பற்றி எதுவும் தெரியாது.

"தம்பி, மேலச்சுனையை ஒரு தடவை பாத்துறணும்டா" என்று சித்தப்பா மகன் அருண்பாண்டியிடம் சொன்னாள். அவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். நாலு எட்டு வைக்கவே வண்டியை எடுக்கிற ஆள். ஆனால் அக்கா கேட்டு இல்லை என்று சொன்னதில்லை. வனத்துறை ஆபீசுக்கு அலைந்து அனுமதி வாங்கினான். எழுமலை அடிவாரத்தில் சுருளி என்று ஒருவரையும் பிடித்தான். அந்தக் காலத்து ஆட்டுத்தடமெல்லாம் தன் உள்ளங்கை ரேகை என்று சுருளி சொல்லிக்கொண்டார். பேச்சில் குறை வைக்கிற ஆள் இல்லை அவர்.

மூவரும் விடியற்காலையில் ஏறத் தொடங்கினார்கள். ஆட்டுத்தடம் என்றால் என்னவென்று அரை மணி நேரத்தில் மலையம்மாளுக்குப் புரிந்துவிட்டது. ஆடு எந்த உயரமோ அந்த உயரத்துக்குத்தான் அது வழி. இடுப்புக்கு மேலே எல்லாம் இண்டமுள். குனிந்தால் முதுகைக் கிழித்தது, நிமிர்ந்தால் முகத்தைக் கிழித்தது. நேராக ஏறினால் ஐந்து நிமிஷத்தில் போகிற பாறைக்கு, அந்தத் தடம் தழை இருந்த இடத்துக்கெல்லாம் போய் விசாரித்துவிட்டு வந்தது. பாறைகளில் மட்டும் குளம்பு பட்டுப் பட்டு வழவழவென்று ஒரு கோடு ஓடியது. காட்டில் ஆடு மேய்ப்பது நின்று இத்தனை காலம் ஆகியும் அந்தக் கோடு அழியவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. குனிந்து தடவிக்கூடப் பார்த்தாள்.

"அக்கா, இதுல நெறமாசக்காரி எப்புடிக்கா ஏறியிருப்பா?" என்றான் அருண்பாண்டி, மூச்சு வாங்கியபடி.

"அதத்தான்டா நானும் யோசிக்கிறேன்."

மதியம் ஒரு சுனையில் புளிச்சோற்றைப் பிரித்தார்கள். ஊற்று சின்னதுதான், தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. இதுதான் கீழச்சுனை என்றார் சுருளி. கீழச்சுனை இருந்தால் மேலச்சுனையும் இருக்கத்தானே வேண்டும் என்று மலையம்மாளுக்குத் தெம்பு வந்தது. பொழுது சாய்கிறவரை ஏறி, ஒரு பாறை இடுக்கில் தங்கினார்கள்.

மறுநாள் காலை, செங்குத்தாக ஏறி முடித்த இடத்தில் சுருளி நின்று கையை நீட்டினார். "இந்தா, இதான் தாயி மேலச்சுனை. கும்புட்டுக்க."

பாறையில் ஒரு குழி. உள்ளே காய்ந்த பாசியும் ஆந்தையோ எதுவோ போட்ட எச்சமும் இருந்தன. சுற்றிலும் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கச் சமதரை இல்லை. அருண்பாண்டி பாவம், செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடவே செய்தான். மலையம்மாள் கும்பிடவில்லை. வலி எடுத்தவள் எப்படி நடப்பாள் என்பது அவளுக்குத் தெரியும். வலி வந்தால் நிற்பாள், எதையாவது பிடித்துக்கொள்வாள், வலி விட்டால் நாலு அடி வைப்பாள். அப்படிப்பட்டவள் இந்தச் செங்குத்தில் ஏறி, இந்தக் குழிக்குப் பக்கத்தில் வந்து பெற்றாள் என்றால் அதை நம்ப அவள் நர்ஸ் வேலையை விட்டுவிட வேண்டும்.

"அண்ணே, இதை மேலச்சுனைன்னு யாரு ஒங்களுக்குச் சொன்னா?"

சுருளி துண்டை உதறித் தோளில் போட்டார். "சொல்லணுமாக்கும்? எங்க பக்கத்துல இதுக்கு மேல ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. அப்ப இதுதான மேலச்சுனை."

"அப்ப பேரு நீங்க வச்சதா?"

"எம்புட்டுத் தூரம் வந்திருக்க, வெறுங்கையோட அனுப்ப மனசு வருமா தாயி" என்றார் அவர். பொய் சொல்லிப் பிடிபட்ட முகம் அவருக்குக் கொஞ்சமும் வரவில்லை. அருண்பாண்டி செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு முனகினான்.

திரும்பிவிடலாம் என்றார்கள் இரண்டு பேரும். மலையம்மாள் கேட்கவில்லை. உச்சி வரைக்கும் பார்த்துவிடுவோம், அதற்கு மேல் மலை இல்லை என்றால் நானும் விட்டுவிடுகிறேன் என்றாள். சாயங்காலம் உச்சியைத் தொட்டார்கள். சுனையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆளுயரப் புல்லும் காற்றும்தான். அந்தப் பக்கம் மட்டும் முழுதாகத் திறந்து கிடந்தது. வருசநாட்டுப் பள்ளத்தாக்கு. கோச்சடையில் அவள் வீட்டுக்குப் பின்னால் வைகை என்று ஒன்று கிடக்கிறதே, அதில் எப்போதாவது வருகிற தண்ணீர் அங்கிருந்துதான் புறப்படுகிறது.

"சூரியனைப் பாருக்கா. நம்ம காலுக்குக் கீழ போயி விழுகுது" என்றான் அருண்பாண்டி.

மலையம்மாள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று கேட்டாள். "மேக்கு எங்கிட்டுடா இருக்கு?"

"இதென்ன கேள்வி. அந்தா, கீழ."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுமலைக்காரர்களுக்கு மலை மேற்கே. ஊருக்குள் மேற்கே இருப்பது மேலத்தெரு, மலையில் உயரத்தில் இருப்பது மேல காடு. மேற்கே போவதும் மேலே போவதும் அவர்களுக்கு ஒரே வேலை என்பதால், இரண்டுக்கும் ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகச் சிக்கல் இல்லாமல் காலம் தள்ளிவிட்டார்கள். உச்சியைத் தாண்டியதும் அந்த வார்த்தை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. இங்கிருந்து மேற்கே போகிறவன் கீழேதான் இறங்க வேண்டும்.

"கீழச்சுனைன்னா கெழக்குச் சுனைண்ணே. மேலச்சுனை மேக்க இருக்கு. அந்தப் பக்கம் எறங்கணும்."

சுருளிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "மேலச்சுனைக்குக் கீழ எறங்குறதா? நல்லாயிருக்கே கதை. அங்கிட்டு எங்க ஆடே எறங்காது தாயி. எறங்குனா அந்தப் பக்கத்து ஆட்டுக்காரன் தொரட்டியோட வந்து நிப்பான். அது அவுக காடு."

சிரித்துக்கொண்டிருந்த மலையம்மாள் அப்படியே நின்றாள். ஆடு இறங்காத பக்கத்தில் அம்மாவுக்கு என்ன வேலை? ஆட்டுக்குப் போன இடத்தில் பெற்றாள் என்பதுதானே இத்தனை வருஷப் பேச்சு. அன்றைக்குப் புல்லுக்குள் படுத்தும் அவள் சரியாகத் தூங்கவில்லை. சுனை எங்கே என்ற கேள்வி அவளுக்குள் சின்னதாகிவிட்டது.

காலையில் இறங்கினார்கள். அந்தச் சரிவு ஏறி வந்ததைப்போல் இல்லை, மெத்தென்று இறங்கியது. வெயில் வருமுன்பே ஒரு ஓடையும், ஓடைக்கு மேல் படுக்கத் தோதாக ஒரு பரந்த பாறையும், பாறையின் அடியில் சுனையும் வந்தன. கீழே இலவ மரத் தோட்டம். ஒரு பெரியவள் சுனையில் குடத்தை முக்கிக்கொண்டிருந்தாள். பேர் சோலையம்மாள் என்றும், அந்தத் தோட்டம் தன்னுடையது என்றும், முன்பெல்லாம் இங்கேதான் ஆடு மேய்த்ததாகவும் கேட்காமலே சொன்னாள்.

"இதுக்கு என்ன பேரு பெரியம்மா?"

"மேலச்சுனைன்னு அங்கிட்டு எழுமலைக்காரவுகதான் சொல்லுவாக. நாங்க சுனைம்போம். எங்களுக்கு இருக்கது இது ஒண்ணுதான" என்றாள் சோலையம்மாள்.

மலையம்மாள் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்துவிட்டுத்தான் கேட்டாள். "இங்க யாருக்காச்சும் பிள்ளை பொறந்திருக்கா?"

"அட, அது ஒனக்கு எப்புடி ஆத்தா தெரியும்?" குடத்தை இறக்கி வைத்தாள் சோலையம்மாள். "கீழ எங்க ஊர்ப் பொண்ணு ஒருத்தி. அங்கிட்டுக் கட்டிக் குடுத்திருந்துச்சு. தலைப்பிள்ளை தாய் வீட்டுலதான பெறணும். ரெண்டு வீட்டுக்கும் சண்டை, கூப்புட இவுகளும் போகல, அவுகளும் அனுப்பல. இவ என்ன பண்ணுனா, யாருகிட்டயும் சொல்லாம ஆட்டுத்தடத்தைப் பிடிச்சு ஒத்தையில கெளம்பி வந்துட்டா. உச்சியத் தாண்டி எறங்கயில வலி எடுத்துருச்சு. நாந்தான் கூட இருந்தேன். என் சேலையக் கிழிச்சுத்தான் புள்ளையத் தொடச்சேன்."

மலையம்மாள் பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அவ அண்ணனைக் கூட்டியார ஆள் விட்டோம். அதுக்குள்ள புருசங்காரன் தேடிக்கிட்டு வந்துட்டான். வையலை, அடிக்கலை. வா போகலாம்னு கூப்புட்டான். வரமாட்டேன்னுட்டா. எங்கம்மா வீட்டுக்குப் போறேன்னா. அவன் பேசாம பச்சப்புள்ளையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ஏற ஆரம்பிச்சுட்டான். அந்தப் புள்ள கத்துன கத்து இன்னும் என் காதுல கெடக்கு. இவ கீழ பாத்தா, மேல பாத்தா. பெறகு புள்ள கத்துன பக்கமே ஏறிப் போயிட்டா. அண்ணங்காரன் வந்தப்ப இந்தப் பாறைதான் இருந்துச்சு." சோலையம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "அந்தச் சிசு பொழச்சுச்சோ என்னமோ."

"பொழச்சிருச்சு பெரியம்மா" என்றாள் மலையம்மாள்.

சோலையம்மாள் கிட்டே வந்து அவள் முகத்தைக் கையால் நிமிர்த்திப் பார்த்தாள். "ஒங்காத்தா?" என்றாள்.

"போன வருசம் போயிட்டாங்க."

"கடைசி வரைக்கும் இங்கிட்டு வரவே இல்லையே."

மலையம்மாளுக்கு அப்பா மேல் வந்த கோபம் உடம்பெல்லாம் எரிந்தது. அம்மாவை நினைத்து அழுகை வந்தது. இரண்டையும்விட இன்னொன்றுதான் அதிகமாக வலித்தது. அம்மாவைத் திருப்பி இழுத்துக்கொண்டு போன கயிறு அப்பா இல்லை, தான்தான். பிறந்த அன்றைக்குக் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா என்று தன்மேலேயே ஆத்திரப்பட்டாள். பச்சைப்பிள்ளை அழாமல் வேறு என்ன செய்யும் என்று தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறவள்தான் அவள்.

சுருளி பையைத் தோளில் மாட்டினார். "வெயிலுக்கு முன்ன உச்சியப் பிடிச்சிரணும் தாயி. ஏறுவமா?"

"நீங்க ஏறுங்கண்ணே. நான் கீழ போறேன்."

"கீழ எங்கக்கா?" என்றான் அருண்பாண்டி.

"எங்கம்மா, அவங்கம்மா வீட்டுக்குன்னுதான கெளம்புச்சு. அங்கதான்."

"பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா சும்மா இருக்க மாட்டாருக்கா."

மலையம்மாள் முகத்தைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "தெரியட்டும். இப்ப என்னையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு நடக்க அவரால முடியாதுடா" என்று சொல்லிவிட்டு, இலவ மரங்களுக்கு நடுவே இறங்கத் தொடங்கினாள்.