இரண்டுக்கும் பில், ஒன்றுக்குக் கத்தரி

மனித குலத்தின் மேலான கவனத்திற்கு: சென்ற வாரம் ஒரு கைப்பை விற்பனையானது. நாகரிகத்தின் போக்கையே மாற்றக்கூடிய இச்செய்தியை எந்த நாளேடும் வெளியிடாததால், அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

1

கதையை எனக்குச் சொன்னவள், கைப்பைக் கடையில் வேலை பார்க்கும் என் மச்சினி மகள். கேட்ட நாளிலிருந்து வயிறு எரிகிறது. எரிகிற வயிற்றோடு எழுதினால் நடை கெடும் என்பார்கள். கெடட்டும்.

2

முதல் தொடக்கம்: 'நோயாளித் தாயின் மருந்துச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அந்த ஏழைப் பெண் கடைக்குள்—'

(அடித்துவிட்டேன். அவள் தாய் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். பக்கத்து வீட்டோடு சண்டை போட்ட பிறகுதான் பல்லே துலக்குவாள்.)

இரண்டாம் தொடக்கம்: அவள் அங்கே தற்காலிக ஊழியை. இந்த மாதம் ஒரு பெரிய விற்பனையை முடித்துக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். இது உண்மை. இதுவே போதும்.

3

அந்தக் கடையில்* வாங்க வருபவர் 'விருந்தினர்'. விலைக்குப் பெயர் 'மதிப்பு'.

விருந்தினராக ஒரு சீமாட்டி வந்தாள். ஒரு பையைத் தோளில் மாட்டி, கண்ணாடியில் இடமும் வலமும் பார்த்து, ஏறக்குறைய முடிவு செய்துவிட்டு, இதே மாதிரி இன்னொன்று உண்டா என்று கேட்டாள். இல்லை என்பதுதான் அங்கே கற்றுக்கொடுத்த பதில். பெண்ணுக்கு வாய் தவறி உண்மை வந்துவிட்டது. உள்ளே ஒன்று இருக்கிறது என்றாள்.

"அப்போ இன்னொருத்தி அதை மாட்டிக்கிட்டு என் எதிர்ல வந்து நிப்பா?"

மேனேஜர் ஓடி வந்தார். இரண்டையும் மேடமே எடுத்துக்கொள்ளலாமே என்று குழைந்தார்.

"ஒரே மாதிரி ரெண்டா? நான் என்ன ஊதாரியா?" என்றாள் சீமாட்டி. "ரெண்டுக்கும் பில் போடுங்க. ஒண்ணை இங்கயே வெட்டிடுங்க."

(இதை நான் கற்பனை செய்யவில்லை. எனக்கு அவ்வளவு கற்பனை கிடையாது.)

* விருந்தினருக்குத் தண்ணீர் வெள்ளித் தட்டில் வரும். விற்கிற பெண்ணுக்கு உட்கார நாற்காலி வராது.

4

மேனேஜர் கத்தரியைப் பெண்ணின் கையில் திணித்தார். அவள் ஒரு கணம் தயங்கி, "வெட்டறதுக்குப் பதிலா எனக்குக் குடுத்துடுங்களேன் மேடம், டிபன் பாக்ஸ் வெச்சுக்குவேன்" என்று கேட்டேவிட்டாள்.

சீமாட்டிக்குக் கோபம் வரவில்லை. நிஜமாகவே புரியாமல் பார்த்தாளாம்.

"நீ மாட்டிக்கிட்டா அப்புறம் நான் எப்படிம்மா மாட்டிக்கறது?"

பசிக்கு வாங்குகிறவன் வயிறு நிறைந்தால் நிறுத்துவான். அடுத்தவனிடம் இருக்கக்கூடாது என்று வாங்குகிறவன் எங்கே நிறுத்துவான்? கடைசி ஆளின் கையும் காலியான பிறகா? இவர்கள் பொருளையா வாங்குகிறார்கள், நம்முடைய இல்லாமையை அல்லவா காசு கொடுத்து—

(மேடை ஏறிவிட்டேன். இறங்குகிறேன்.)

கத்தரியை வீசிவிட்டுப் பெண் வெளியேறுவதாக ஒரு முடிவு எழுதினேன். நீங்கள் கைதட்டுவீர்கள். அவள் வீட்டு வாடகையை யார் கட்டுவது? சீமாட்டி மனம் திருந்திக் கண் கலங்குவதாகவும் எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

5

நடந்தது இதுதான்: வெட்டினாள்.

பைகள் இரண்டும் மேசைமேல் அருகருகே கிடந்தன. எதை வேண்டுமானாலும் வெட்டு என்று சொல்லிவிட்டுச் சீமாட்டி செல்போனில் மூழ்கினாள். ஒன்றின் ஜிப் பாதியில் சிக்கும். அது எதுவென்று பெண்ணுக்கு மட்டும் தெரியும். சிக்குவதை வெட்டினால் வேலை நிலைக்கும். நல்லதை வெட்டிச் சிக்குவதைக் கட்டிக் கொடுத்தால் ஆத்திரம் தீரும்; புகார் வந்தால் வேலையும் தீரும்.

எதை வெட்டினாய் என்று கேட்டேன். சொன்னாள். சொல்லிவிட்டு, "கதை எழுதறேன்னு என் வேலைக்கு உலை வெச்சிடாதீங்க பெரியப்பா" என்றாள்.

ஆகவே எழுதமாட்டேன். கத்தரி உங்களிடம் இருக்கட்டும். நானாக இருந்தால் எதை வெட்டியிருப்பேன் என்று எனக்குச் சந்தேகமே இல்லை; ஆனால் என் வேலை நிரந்தரமாகி வெகு காலமாகிறது.

இன்னொன்று: பை இரண்டும் தோல்கூட இல்லை, ரெக்சின்.