பலகையில் ஒரு விரல்

பன்னிரண்டு பேரும் ஒன்றைக்கூட விடவில்லை. சந்தேகம் அங்கேதான் பிறந்தது.

தேர்வு பார்வைக்குச் சாதாரணமானது. சுவரில் ஒரு வெள்ளைத் திரை. திரையில் கடிகாரம் போல ஒரு வட்டம். வட்டத்தின் மேல் ஒரு வெளிச்சப் புள்ளி நொடிக்கு ஓர் எட்டு வைத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். எப்போதாவது ஒரு முறை ஓர் எட்டைத் தாண்டிக் குதிக்கும். குதித்ததும் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் இதுதான். சில சமயம் கால் மணி நேரம்கூடக் குதிக்காமல் போகும். கண் திறந்திருக்கும்போதே மனம் தூங்கிவிடும்.

துறைமுகத்துக்கு வடக்கே இருந்த கடலோரக் காவல் நிலையத்தின் கண்காணிப்பு அறைக்கு நான்கு பேர் தேவைப்பட்டார்கள். ரேடார் திரைக்கு முன்னால் உட்கார வேண்டும். ஒன்றும் நடக்காததைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடக்கும்போது விட்டுவிடக் கூடாது. போன ஐப்பசியில் இன்ஜின் நின்றுபோன ஒரு வள்ளம் திரையின் ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி மறைந்தது. அன்று உட்கார்ந்திருந்தவன் ஆறடி உயரம், கணீரென்ற குரல், நேர்காணலில் எல்லோருக்கும் பிடித்தவன். திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் வள்ளம் அவன் கண்ணில் படவில்லை. அதில் போன இரண்டு பேரில் ஒருவர்தான் கரை சேர்ந்தார்.

அதன் பிறகுதான் செந்தில்முருகன் வந்தார். சென்னையில் தேர்வுகள் தயாரிக்கிற வேலை. சொந்த ஊர் திருச்செந்தூர், கோயில் வாசலில் பனங்கற்கண்டுக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. முதல் நாளே நிலையத்தில் கேட்டார்கள், ஒரு புள்ளியைப் பார்க்கிறவன் எப்படிக் கடலைப் பார்ப்பான் என்று. அவர் கோபப்படவில்லை.

"எங்க அப்பா கடைத் தராசுக்கு வருசா வருசம் முத்திரை போடணும். கற்கண்டு நிறுக்கவே முத்திரை வேணும்னா, ஆளை நிறுக்க வேண்டாமா?"

தன் தேர்வுக்கு முத்திரை போடத்தான் அவருக்கு ஆறு மாதம் ஆனது. இந்தக் கரையில் உள்ள நிலையங்களில் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களைப் புள்ளிக்கு முன்னால் உட்காரவைத்தார். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் கடலில் படகுகளை அனுப்பி, யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்த்தார். படகைப் பிடித்தவர்கள் பெரும்பாலும் புள்ளியையும் பிடித்திருந்தார்கள். படகை விட்டவர்கள் புள்ளியையும் விட்டிருந்தார்கள். அவர்களில் மிகச் சிறந்தவருக்கும் நான்கைந்து தவறியது.

இப்போது கடலில் தொழில் பார்த்தவர்களிடமிருந்து ஆள் எடுக்கச் சொல்லி உத்தரவு. வந்த பன்னிரண்டு பேரும் சங்கு குளிக்கிற வள்ளங்களில் போகிறவர்கள். பன்னிரண்டு பேரும் முழு மதிப்பெண்.

"காப்பிதான் மேடம்," என்றார் செந்தில்முருகன். "எப்படின்னுதான் தெரியல. நான் அந்த ரூம்லதான இருந்தேன். ஒரு செருமல்கூட இல்ல."

ஒருவனை மட்டும் தனியாகக் குறித்திருந்தார். ஜாபேஸ். அவனும் எதையும் விடவில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் எல்லோருக்கும் பின்னால்தான் அமுக்கியிருந்தான். மற்றவர்களைப் பார்த்து அடித்தவன் அவன்தான் என்பது அவர் கணக்கு.

கேட்டுக்கொண்டிருந்த மேடம் அந்த நிலையத்தின் எஸ்.ஐ. சந்தனமாரி. தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊர் அவளுடையது. போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வில் அவள் ஓடிய நாளில் பக்கத்துக் கோட்டில் நின்ற பெண்ணுக்குப் பெரிய இடத்துச் சிபாரிசு இருந்தது. சந்தனமாரிக்குக் கால் மட்டும்தான் இருந்தது. ஸ்டாப்வாட்சுக்கு யாருடைய மாமா யார் என்று தெரியாது. அன்றிலிருந்து தேர்வு என்றால் அவளுக்குச் சாமி சந்நிதி. அங்கே கள்ளம் செய்கிறவனை அவளால் மன்னிக்க முடியாது.

டி.எஸ்.பி. போனில் சொன்னார்: முறைகேடு என்று எழுதி நாளை சாயங்காலத்துக்குள் அனுப்பிவிடுங்கள். எழுதிவிட்டால் பன்னிரண்டு பேரும் ஆயுசுக்கும் போலீஸ் வேலைக்கு மனுப் போட முடியாது. கையெழுத்து அவளுடையது.

எழுதியிருப்பாள். எப்படிச் செய்தார்கள் என்று தெரியாமல் எழுத மட்டும் மனம் வரவில்லை. மறுநாள் காலை பன்னிரண்டு பேரையும் திரும்ப உட்காரவைத்தாள்.

நிலையத்தின் சாப்பாட்டுக் கூடம்தான் தேர்வுக்கூடம். கடத்தலில் பிடிபட்டு உடைக்கப்பட்ட ஒரு படகின் பலகைகளை வைத்துச் செய்த நீண்ட மேசை ஒன்று அங்கே இருந்தது. பக்கத்துக்கு ஆறு பேராக உட்கார்ந்தார்கள். மேசையின் தலைமாட்டில் திரை. செல்போன்களை வாங்கி வைத்தாகிவிட்டது. காற்றாடியைக்கூட நிறுத்தச் சொன்னாள்.

புள்ளி சுற்றியது. அவள் அவர்களைச் சுற்றினாள். கண்களைப் பார்த்தாள், கால்களைப் பார்த்தாள், உதடுகளைப் பார்த்தாள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. வியர்வை மட்டும் ஓடியது. புள்ளி குதித்ததும் பன்னிரண்டு பொத்தான்களும் கிட்டத்தட்ட ஒரே மூச்சில் சடசடவென்று கேட்டன. தகரத்தில் மழை விழுந்தது போல. பிறகு மறுபடி மௌனம்.

முக்கால் மணி நேரம் போனது. கால் கடுத்தது. மேசையின் கடைசியில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கையை வெறுமனே பலகையின் மேல் வைத்தாள்.

நெடுநேரம் ஒன்றும் இல்லை.

பிறகு ஒன்று வந்தது. சத்தம் இல்லை. உள்ளங்கைக்கு அடியில், மரத்துக்குள்ளே, ஒரு நாடித்துடிப்பு. அதன் பிறகே பொத்தான்கள் பெய்தன.

அவள் கையை எடுக்கவில்லை. திரையைப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். அடுத்ததும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஒவ்வொரு முறையும் துடிப்பு முதலில், பொத்தான்கள் பிறகு. புள்ளி குதித்ததைத் திரையைப் பார்க்காமலே அவளும் அறிந்துகொண்டிருந்தாள். இந்த மேசையைத் தொட்டுக்கொண்டிருக்கிற யாரும் எதையும் தவறவிட முடியாது.

எழுந்து, ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நின்று, கைகளை மட்டும் பார்த்தாள். நடுவில் உட்கார்ந்திருந்த ஜாபேஸின் இடதுகை பலகையில் கிடந்தது. புள்ளி குதித்தது. அவனுடைய நடுவிரல் மடங்கி ஒரு தடவை பலகையைத் தொட்டது. மற்றவர்கள் அமுக்கினார்கள். அவன் காத்திருந்தான். பதினொன்றும் ஓய்ந்த பிறகு, வலதுகையால் தன்னுடையதை அமுக்கினான்.

தேர்வு முடிந்ததும் அவனை எழுந்து நிற்கச் சொன்னாள். ஒல்லியான ஆள். உப்பில் செம்பட்டை பாய்ந்த தலை.

"ஏலே, எதுக்கு அந்த விரலத் தட்டுன?"

அவன் தன் விரலை அடுத்தவன் விரலைப் பார்ப்பது போலப் பார்த்தான். "தட்டுனேனா மேடம்?"

"தட்டுனல்லா," என்றான் பக்கத்தில் இருந்த பவுல். "அதப் புடிச்சுத்தான நான் அமுக்குனேன்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். மேசை முழுக்கத் தலைகள் குனிந்தன.

பிறகு மெதுவாகச் சொன்னார்கள். சங்கு குளிக்கிற வள்ளத்தில் ஆட்கள் கீழே போனதும் மேலே அவர்களுக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. ஒருவன் தண்ணீரில் வருகிற மூச்சுக்குமிழியைப் பார்த்துக்கொண்டே இருப்பான். குமிழி நின்றாலோ திசை மாறினாலோ கூப்பிடமாட்டான், வள்ளத்தின் பலகையில் தட்டுவான். மற்றவர்களுக்கு அது காலிலும் கையிலும் தெரியும். தெரிந்த மறுநொடி எல்லோரும் கயிற்றைப் பிடிப்பார்கள். யார் தட்டியது என்று திரும்பிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. ஜாபேஸ் நெடுநாளாகக் குமிழி பார்க்கிறவன்.

"சரி. முதல்ல நீ பொத்தான அமுக்கிட்டுத் தட்டியிருக்கலாம்லா?" என்றாள் சந்தனமாரி. "நாலு இடம்தான் இருக்குன்னு தெரியும். ஒவ்வொரு தட்டுக்கும் இவங்கல்லாம் உன்னைய முந்திட்டுப் போறாங்க."

ஜாபேஸ் அதைப் புரிந்துகொள்ள முயன்றான். அவனுக்கு அது கடினமாக இருந்தது.

"கீழ ஆள் கெடக்கான்லா மேடம்," என்றான். "நான் ஒருத்தன் பாத்து என்ன செய்ய? எல்லாரும் எந்திச்சாத்தான தூக்க முடியும்."

அவள் வெளியே போய்க் கடலைப் பார்த்து நின்றாள். நங்கூரமிட்டு நின்ற கப்பல்கள் அசையவில்லை.

அன்று மாலை அவள் அனுப்பியதில் முறைகேடு என்ற சொல் இல்லை. பேசக் கூடாது, அடுத்தவரைப் பார்க்கக் கூடாது என்ற விதியை யாரும் மீறவில்லை, தேர்வைத் தனித்தனியாக நடத்த வேண்டும் என்று எழுதினாள். டி.எஸ்.பி. போனில் கொஞ்சம் கத்தினார். பிறகு சம்மதித்தார்.

தனித்தனியாக உட்காரவைத்ததும் எல்லோரும் மனிதர்களானார்கள். பவுலுக்குப் பாதி தவறியது. வெளியே வந்து, "மாப்ளே, நீ இல்லாம எனக்குக் கண்ணே தெரியல," என்றான் ஜாபேஸிடம்.

ஜாபேஸுக்கு ஒன்றும் தவறவில்லை. செந்தில்முருகன் தன் வேலைக்காலத்தில் அப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த விரல் முதலில் தட்டியது. ஆளில்லாத அறையில், இல்லாதவர்கள் எழுந்திருக்க ஒரு நொடி காத்திருந்தான். பிறகே அமுக்கினான். தாமதத்துக்கு ஓர் எல்லை உண்டு; மேசையில் மற்றவர்கள் உடனே அமுக்கி ஓய்ந்ததால் அன்று அதற்குள் இருந்தான். இங்கே பாதிக்கு மேல் அந்த எல்லைக்கு வெளியே விழுந்தன. விதிப்படி அவன் தோற்றுவிட்டான்.

"அவனை எடுத்துருங்க சார்," என்றாள் சந்தனமாரி. சொன்ன பிறகு தன் வாயா அதைச் சொன்னது என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

"முடியாது மேடம். இன்னைக்கு இவனை நம்ம கண்ணால பாத்து எடுத்தா, அன்னைக்கு அந்த ஆறடி ஆள எடுத்ததும் சரின்னு ஆயிரும்." கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "என் தராசு பொய் சொல்லல. பாதியத்தான் நிறுக்குது. பாக்குறத நிறுக்குது. அடுத்தவனுக்குச் சொல்லுறத நிறுக்கல. வேலை ரெண்டும்தான?"

புதிதாகச் செய்தார். திரையைப் பார்க்கிறவர் ஒருவர். அவருக்கு முதுகோடு முதுகாக, திரையைப் பார்க்காமல் உட்காருகிறவர் இன்னொருவர். பொத்தான் இரண்டாமவர் கையில். முதலாமவர் பேசாமல் எப்படியாவது தெரியப்படுத்த வேண்டும். பிறகு மறுபடியும் முத்திரை போடுகிற வேலை. வேலையில் இருப்பவர்களை உட்காரவைத்து, கடலில் படகுகளை அனுப்பி, ஒப்பிட்டு. மாதங்கள் ஓடின.

ஜாபேஸ் வள்ளத்துக்குத் திரும்பியிருந்தான். கடலுக்குப் போனவன் இந்த வேலைக்குத் திரும்ப வரமாட்டான் என்று நிலையத்தில் பேசிக்கொண்டார்கள். சங்கு வள்ளங்கள் வடக்கே போகும்போதெல்லாம் சந்தனமாரி ஜன்னல் வழியே பார்ப்பாள். அந்தத் தொலைவில் ஆள் தெரியாது.

பங்குனியில் தேர்வு நாட்கள் வந்தன. பொத்தானோடு எல்லோருக்கும் ஒரே ஆள் உட்கார்ந்தால்தான் அளவு சமமாக இருக்கும் என்றார் செந்தில்முருகன். சந்தனமாரி உட்கார்ந்தாள். யார் வருகிறார்கள் என்பதை அவளுக்குச் சொல்லக் கூடாது என்று ஏற்பாடு. அவள் முகம் ஜன்னலைப் பார்த்து இருந்தது. கதவும் திரையும் முதுகுக்குப் பின்னால். பக்கவாட்டில் அந்த மேசைப் பலகை. ஒரு கை பலகையில், ஒரு கை பொத்தானில்.

ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் மேசையை ஓங்கி அடித்தார்கள். சிலர் நாற்காலியை உதைத்தார்கள். சிலர் தூங்கிவிட்டார்கள் என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் மதியம் செருப்பில்லாத கால்கள் உள்ளே வந்தன. நாற்காலி இழுபடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. பலகையில் ஒரு கை வந்து அமர்ந்ததை உள்ளங்கை அறிந்தது.

ஜன்னலுக்கு வெளியே வெயில் தண்ணீரை வெள்ளையாக்கியிருந்தது. ஒரு கப்பல், அதற்குப் பின்னால் இன்னொன்று. நெடுநேரம் ஒன்றும் இல்லை. வராது என்று அவள் மனம் சொல்லத் தொடங்கியபோது மரத்துக்குள் அது வந்தது. ஒரே ஒரு முறை. அவள் அமுக்கினாள். அதுவரை அடக்கியிருந்த ஒரு மூச்சு முதுகுக்குப் பின்னால் மெல்ல வெளியேறியது. அவள் எழுந்துவிட்டாளா என்று பார்த்துக் காத்திருந்த மூச்சு.

திரும்பக் கூடாது. திரும்பவில்லை. ஒன்றரை மணி நேரமும் அந்த விரல் சொன்னபோதெல்லாம் அமுக்கினாள். ஒரு தடவைகூட அது தாமதிக்கவில்லை. கடலின் அடியில் இருப்பவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள்: மேலே ஒருவன் விழித்திருக்கிறான்.

மணி அடித்தது. கால்கள் வெளியே போயின. செந்தில்முருகன் வந்து எதிரே நின்றார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஒன்னுகூட விடல மேடம். நேரமும் எல்லைக்குள்ள. இதுவரைக்கும் முதல் இடம்."

அவள் தலையசைத்தாள். அடுத்த ஆள் வருவதற்கு நேரம் இருந்தது. கையை மட்டும் பலகையிலிருந்து எடுக்கவில்லை.