விதானையாரின் முழங்கை

தன்னாமுனைப் பக்கத்து ஊரொன்றின் விதானையாராக, அதாவது அரசாங்கம் வைத்த ஊர்த்தலைவராக, இருந்த வினாயகமூர்த்திக்கு, தோலைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. யாருடைய உடம்பிலாவது வெளிறிய தேமல் கண்ணில் பட்டால், "இது குஷ்டம்" என்று அறிவித்துவிடுவார். அதன்பின் பேச்சில்லை. பொலிசுக்காரர் வருவார், தோணி வரும், வாவி நடுவே இருக்கும் தீவு ஆசுபத்திரிக்கு அந்த ஆள் போய்விடுவார். விதானையாரோடு முரண்பட்டவர்களுக்கே தேமல் அதிகம் வருகிறது என்பதை ஊர் கவனித்திருந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை.

கண்ணகை திறந்தாள். நாற்பது வயதுக் கைம்பெண், தாய்வழி வந்த வயலைத் தானே செய்து வந்தவள். வயல்காரர் கூடும் வட்டைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலும் எழுந்து, "விதானையார், தண்ணி உங்கட வயலுக்கு மட்டும் ஏறுது, எங்கட வயலுக்கு ஏறல்ல. தண்ணியும் உங்களுக்குப் பயமோ?" என்று கேட்டுவிட்டாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். அடுத்த வாரமே அவளுடைய இடது கைத் தேமல் குஷ்டமாகிவிட்டது.

முன்பிருந்த டொக்டராயிருந்தால் விதானையார் சொன்னதற்குத் தலையாட்டியிருப்பார். ஆனால் மலேரியா நாட்டை உலுக்கியதற்கு அடுத்த வருஷம், நல்லரத்தினம் என்ற இளம் டொக்டர் கொழும்பிலிருந்து ஒரு நுணுக்குக்காட்டியோடு வந்து சேர்ந்தார். இரத்தத்தில் காய்ச்சல் கிருமி தேடத்தான் அதைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அவர் அதோடு நிற்கவில்லை. ஆட்டு ஈரல், நண்டின் செவுள், காகத்தின் இரத்தம் என்று வாவிக்கரையில் அசைந்த எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பார்த்தார். வணக்கம் சொல்ல வருபவரின் தோலைக்கூட ஆசையோடு பார்ப்பதாக ஊரில் பேச்சு.

கண்ணகையை ஆசுபத்திரி விறாந்தைக்கு இழுத்து வந்தபோது பாதி ஊர் பின்னால் வந்தது.

"வாயால சொன்னாப் போதாது," என்றார் டொக்டர். "தோலில ஒரு துளி கீறிப் பார்க்கவேணும். எங்கட உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன அறைகளால கட்டினது. செல் எண்டு சொல்றது. நோய் அதுக்குள்ளதான் குடியிருக்கும்."

"செல்லோ?" விதானையார் கூட்டத்தைப் பார்த்தார். "மனிசன்ட உடம்பு என்ன பழைய பலகையா, செல்லரிக்க?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரித்தால் சிரிப்பது அங்கே வழக்கம்.

கண்ணகை கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "வெட்டுறதெண்டா முதல்ல அவர வெட்டுங்க. அவர்ர தோலும் தோல்தானே. பிறகு நான் தாறன்."

டொக்டருக்கு இன்னொரு தோல் கிடைக்கிற சந்தோஷம். விதானையாருக்கு அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியவில்லை. கோட்டுக் கையைச் சுருட்டினார். முழங்கையருகே செம்பு நிறத்தில் ஒரு திட்டு இருந்தது.

"கதிரைக் கைபிடியில ஊண்டி ஊண்டி வந்தது," என்றார். "பதவியில இருக்கிற ஆக்களுக்கு வரும்."

பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, அரசாங்கத்துக்கு ஒத்துழைப்பது பற்றியும் பெண்களின் கோழைத்தனம் பற்றியும் பேசினார். பேசி முடித்து, "சரி, இனி வெட்டுங்க," என்றார்.

"வெட்டியாச்சே," என்றார் டொக்டர்.

கூட்டம் அசந்துபோனது. "சிங்கம்!" என்றான் ஒருவன். விதானையார் மீசையைத் தடவிக்கொண்டார். டொக்டர் மட்டும் கத்தியைத் துடைத்தபடி அந்த முழங்கையை இன்னொரு தரம் பார்த்தார்.

கண்ணகையின் கையில் கத்தி பட்டதும், "ஐயோ, என்ட அம்மோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் முக்காலி உருண்டது. விதானையார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கத்துங்க அக்கா, நல்லாக் கத்துங்க," என்றார் டொக்டர். "நோகுறது நல்லது."

சிவப்புச் சாயம் ஊற்றி, சூடு காட்டி, கழுவி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். "அக்காட தோலில குஷ்டம் இல்ல. வெறும் பூஞ்சணம். களிம்பு பூசினாப் போயிரும்."

"உங்கட கண்ணாடி பிழை!" என்று விதானையார் எழுந்தார். "எத்தினை பேர வெறுங்கண்ணால பிடிச்சவன் நான்!"

டொக்டர் அடுத்த தகட்டை வைத்தார். சற்று நேரத்தில் கதிரையை விட்டே துள்ளினார். "ஆகா! செல்லுக்குள்ள கட்டுக் கட்டாச் சிவப்புக் குச்சி, குஷ்டக் கிருமி! கொழும்பிலயும் இப்பிடி ஒண்ட நான் காணல்ல! வந்து பாருங்க!"

"ஆர்ர தோல் ஐயா அது?" என்று யாரோ கேட்டார்கள்.

தோலுக்குச் சொந்தமாக ஒரு மனிதன் இருப்பது டொக்டருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. குரல் இறங்கியது. "விதானையார்... வெட்டினது உங்களுக்கு நோகவேயில்லையே. குஷ்டத் தோலுக்கு நோவு தெரியாது. கொஞ்சம் உள்ளுக்கு வாங்க."

விதானையார் உள்ளே போகவில்லை. தகட்டை மாற்றிவிட்டார்கள் என்றார். "திருப்பி வெட்டுங்க! அதே இடத்தில வெட்டுங்க! எனக்கு நல்லா நோகும்!" என்று சொல்லி உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஐயோ!" என்று அலறினார். டொக்டர் இன்னும் கத்தியைக் கையில் எடுக்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. கண்ணகைக்குச் சிரிக்கலாம் போலத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குரலில் இருந்த பயம், ஒரு வாரமாக அவள் வயிற்றில் கிடந்த அதே பயம். எழுந்து வீட்டுக்குப் போனாள்.

தோணி வரவில்லை. வசதியுள்ளவர் தம் சொந்தக் காணியில் ஒதுங்கி இருக்கலாம் என்று சட்டத்தில் ஓர் இடம் இருப்பதை விதானையாரின் வழக்கறிஞரான பிறக்கிராசி கண்டுபிடித்தார். தீவுக்குப் போனவர்களுக்கு அதை எவரும் சொன்னதில்லை. விதானையாரின் வயலோரத்தில் அவருக்கென்று ஓடு போட்ட வீடு ஒன்று எழுந்தது. பதிலுக்கு ஆள் வரும்வரை உத்தியோகமும் அவரிடமே இருந்தது. ஊர் ஆண்கள் காலையில் அங்கே போய், வேலியில் சாய்ந்து நின்று, சுகம் விசாரித்து, காரியம் முடித்துக்கொண்டு வந்தார்கள்.

ஒரு நாள் கண்ணகை மண்வெட்டியோடு அந்த வரம்பால் வந்தாள். அவளைக் கண்டதும் வேலியில் சாய்ந்திருந்தவர்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கி விலகினார்கள்.

அவள் நின்றாள். "என்ன இராசதுரை அண்ணன், என்னைக் கண்டு இறங்குறீங்க? எனக்கு ஒண்டுமில்ல எண்டு டொக்டர் சொன்னது உங்கட காதில விழல்லயா?"

"விழுந்ததுதான்," என்றார் இராசதுரை, முழங்கால் சேற்றில் நின்றபடி. "ஆனா ஆருக்குத் தெரியும், கண்ணாடி பிழைச்சிருந்தா?"

அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு, எதிரே ஆளில்லாத அந்த அகன்ற வரம்பைப் பார்த்தாள். நடுவால், அவசரமே இல்லாமல் நடக்கத் தொடங்கினாள்.