மூன்று நாள் விதி

ராத்திரி முழுக்க அடுத்தவர்களின் கம்ப்யூட்டர் கோளாறுகளைப் போனில் கேட்டு ஆறுதல் சொல்வது அவன் வேலை. பட்டப்படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அதுவே அதிகம் என்பது மாமனாரின் கருத்து. அவன் தலைக்குள் வேறு வண்டு குடைந்துகொண்டிருந்தது.

யாருக்கு எத்தனை மணிக்கு அப்பாயின்ட்மென்ட், யார் லீவு, எந்தச் சாமான் தீர்ந்தது என்று ஒரு சின்ன ஆபீசுக்கு வேண்டிய அத்தனையும் ஒரே வலைப்பக்கத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும்படி ஒரு போர்ட்டல் எழுதி வைத்திருந்தான். அதை ஓப்பன் சோர்ஸாக்கி, யார் வேண்டுமானாலும் பிரித்து மேயும்படி ஒரு புரோகிராமர் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு அதையே முழுநேரமும் பார்க்க வேண்டும். ராஜினாமாக் கடிதம் டிராஃப்டில் தயாராக இருந்தது.

குழுவில் எல்லாமே மெயிலில்தான். புது புராஜெக்டை ஒருவர் முன்மொழிந்தால், பிடித்தவர்கள் 'ப்ளஸ் ஒன்று' போடுவார்கள். பிடிக்காதவர் 'மைனஸ் ஒன்று' போடலாம், ஆனால் காரணம் சொல்ல வேண்டும். மூன்று நாளில் யாரும் மறுக்காவிட்டால் எல்லோரும் ஒத்துக்கொண்டதாகக் கணக்கு.

இந்தக் கடைசி விதி அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இதை எழுதியவன் கல்யாணம் ஆகாதவனாக இருக்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேஜை. அவள் கிளம்பும்போது இவன் வந்து படுப்பான். அவள் திரும்பும்போது இவன் ஷூ மாட்டுவான். வேலையை விடப்போவதை நேரில் சொல்ல நேரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தைரியமில்லை என்பதுதான் நிஜம். முன்மொழிவு மெயிலிலேயே அவள் முகவரியையும் சேர்த்து, கீழே ஒரு வரி போட்டான்: 'இதற்காக என் வேலையை விடுகிறேன். மறுப்பு இருந்தால் மூன்று நாளுக்குள் தெரிவிக்கவும்.'

முதல் நாள் ஒன்றுமில்லை. மறுநாள் அவள் பாத்திரங்களைக் கொஞ்சம் ஓங்கி வைத்தாள். அது மெயிலில் வராததால் அவன் கணக்கில் சேர்க்கவில்லை. குழுவிலிருந்து ஒரே ஒரு ப்ளஸ் வந்திருந்தது.

மூன்றாம் நாள் மாலை, ஒரு காலில் ஷூவை மாட்டிக்கொண்டு மெயிலைத் திறந்தான்.

'மைனஸ் ஒன்று. எங்கள் ஆஸ்பத்திரியில் இந்தப் போர்ட்டல்தான் ஓடுகிறது. திங்கட்கிழமையானால் படுத்துவிடும். எழுப்பத் தெரிந்தவர் ஒருவர்தான், அந்நேரம் அவரும் படுத்திருப்பார். அவரை எழுப்பி, பிறகு அதை எழுப்புவதற்குள் டாக்டரம்மா என்னைத் தின்றுவிடுவார். நாளைக்கு இவருக்கு ஒன்று என்றால் இதை யார் பார்ப்பது?'

அவள் பதிலை எல்லோருக்குமே அனுப்பியிருந்தாள்.

புகைப்படத்தில் தாடி மட்டுமே தெரியும் ஒருவர் குழுவில் உண்டு. அவர் சரி என்றால் மற்றவர்களும் சரி என்பார்கள். தாடி எழுதினார்: 'உருப்படியான கேள்வி. ஒற்றை ஆள் புராஜெக்டை நாங்கள் எடுப்பதில்லை. அம்மா, அவர் எழாத நாளில் என்ன செய்வீர்கள்?'

'கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கி மாட்டுவேன். எப்படிச் செய்வது என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இப்போது எல்லோரும் பிடுங்குகிறார்கள்.'

அவன் ஒற்றை ஷூவோடு சமையலறைக்கு ஓடினான்.

"பிளக்கைப் பிடுங்கினியா? எல்லாம் அழிஞ்சு போயிருந்தா?"

"போகலயே. நீங்க குறட்டை விட்டுட்டு இருந்தீங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வேலைய விடுறத நீங்க எங்கிட்டச் சொன்னீங்களா?"

"மெயில் போட்டேனே!"

"கட்டின பொண்டாட்டிக்கு மெயிலு! ஊருக்கெல்லாம் காப்பி வேற. எங்கப்பாவ மட்டும் ஏன் விட்டீங்க?"

"ஏம்மா, மூணு நாள் யாரும் பேசலன்னா சரின்னு அர்த்தம். அது விதி."

"நான் பேசாம இருந்தா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாது? இத்தன வருஷம் என்னத்தக் குப்பை கொட்டினீங்க?"

போன் சிணுங்கியது. தாடியின் மெயில்தான். 'இந்தப் போர்ட்டலுக்கு இதுவரை எழுதப்பட்ட ஒரே கையேடு அந்தச் சுவரில்தான் இருக்கிறது. அந்த அம்மா இரண்டாவது பொறுப்பாளராகச் சேர்ந்தால் என் ப்ளஸ் உண்டு.' அவர் பின்னாலேயே ப்ளஸ்கள் பொலபொலவென்று விழுந்தன.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். 'சேர்கிறேன். அவர் வேலையை விடாமல் செய்வதானால் என் மைனஸைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்' என்று தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"சரி, இது நல்லா ஓடுச்சுன்னா?" என்றான் மெல்ல. "அடுத்த வருஷம் விட்டுடலாமா?"

அவள் ஒன்றும் பேசாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் டிராஃப்டில் இருந்த ராஜினாமாவை அழித்துவிட்டு இன்னொரு ஷூவைத் தேடிப் போனான்.