லைசென்ஸ் இல்லாத பிள்ளை

அந்தப் பிள்ளை தாயின் வயிற்றில் இருந்தபடியே சிற்றலையில் ஒலிபரப்பாகத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன். முதலில் கேட்டவள் அதைப் பெறப்போகிறவளேதான். வானொலிக் கண்காணிப்பு நிலையத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊர்பேர் தெரியாத மோர்ஸ் சமிக்ஞைகளை இன்னாருடையது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. தட்டுகிற கையை வைத்தே இது மீன்பிடிக் கப்பல், இது பட்டாளம், இது வேலைவெட்டி இல்லாதவன் என்று சொல்லிவிடுவாள். இது மட்டும் பிடிபடவில்லை. புள்ளி, கோடு, புள்ளி, கோடு. மோர்ஸின் முதல் எழுத்து, அதற்கு மேல் ஓர் எழுத்து நகரவில்லை. எந்தக் கழுதையோ தட்டிப் பழகுகிறது என்று நினைத்தாள். பெற்றவள் நினைக்கிற நினைப்பா அது? ஆனால் அவளுக்கு அப்போது என்ன தெரியும், பாவம்.

மேலதிகாரி திசையறியும் ஏரியல்களைத் திருப்பச் சொன்னார். மூன்று ஊர்களிலிருந்து வரைபடத்தில் இழுத்த கோடுகள் அவர்களுடைய கேன்டீனிலேயே வந்து வெட்டிக்கொண்டன. சாயங்காலம் அந்த வெட்டுப்புள்ளி பஸ் ஏறி, அவள் இறங்கிய நிறுத்தத்தில் இறங்கி, மளிகைக் கடையில் சற்று நின்று, அவள் வீட்டுச் சமையலறைக்குள் போய்விட்டது. மறுநாள் அவள் கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒரு சீப்பும் பஸ் டிக்கெட்டும் விழுந்தன.

அந்த வாரமே டாக்டரம்மா அவள் வயிற்றில் கருவியை வைத்து, மறுபடி வைத்து, துடிப்பு இல்லை என்றார். நல்ல மனுஷி, கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். உள்ளே விட்டுவைத்தால் உன் உயிருக்கே ஆபத்து, நாளைக்கே சேர்ந்துவிடு என்றார். பஸ் டிப்போ மெக்கானிக்கான அவள் புருஷன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான். அவள் அழவில்லை. வாசலில் காவலாளியின் ரேடியோவில், பாட்டுக்கு நடுவே, புள்ளி, கோடு என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவள் ஆள்காட்டி விரலால் வயிற்றில் மெல்லத் தட்டினாள்: யார் நீ? ரேடியோவில் அந்தத் தட்டல் ஒரு கணம் நின்றது. பிறகு அவள் தட்டியதையே, அவள் தட்டுகிற அதே இழுவையோடு திருப்பித் தட்டியது. அது அவளுடைய கை. மூக்கும் முழியும் வருவதுபோலக் கையும் அம்மா சாயலில் வந்திருந்தது. தன் கையைத் தானே கேட்டுப் பழக்கமில்லாததால்தான் இத்தனை நாள் அவளுக்குப் பிடிபடவில்லை.

"ரேடியோல கேக்குதுன்னு நான் எப்படிம்மா விட்டுட முடியும்?" என்றார் டாக்டரம்மா.

"நீங்க விட வேணாம் டாக்டர். நான் விடல, அவ்வளவுதான்."

மேலதிகாரி வீட்டுக்கே வந்து, லைசென்ஸ் இல்லாத ஒலிபரப்பை உடனே நிறுத்து என்றார். அவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வாசலை அடைத்து நின்றாள்.

"நிறுத்தணும்னு ஆசைப்படுறவங்க வரிசைல வாங்க சார். ஆஸ்பத்திரிக்காரங்க முன்னாடி நிக்குறாங்க."

அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டி அடைத்தார்கள். பிள்ளை புரண்டு பக்கத்து அலைவரிசையில் படுத்துக்கொண்டது. அதையும் அடைத்தார்கள், மறுபடி புரண்டது. பிடிவாதமும் அம்மா வழிதான்.

பத்தாம் மாதம் பெண் பிறந்தது. அழவில்லை, அசையவில்லை. நர்ஸ் துணியை இழுத்து மூடப் போனபோது, வராந்தாவில் புருஷன் மடியிலிருந்த ரேடியோ வீறிட்டு அழுதது. டாக்டரம்மா ஓடிவந்து துணியை விலக்கிப் பிள்ளையை எடுத்து அம்மாவின் மார்பில் வைத்தார். ரேடியோ அடங்கியது. நிலையத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த மேலதிகாரி இரைச்சலை அணைக்கச் சொல்லிவிட்டு, தாய் சௌக்கியமா என்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விசாரித்தார்.

பிள்ளைக்குப் பசித்தால் ரேடியோவில் செய்தி கேட்க முடியவில்லை என்று தெருவே அலுத்துக்கொண்டது, பிறகு பழகிப்போனது. வளர்ந்து, வாயால் பேசக் கற்றுக்கொண்டு, கப்பல் வேலைக்குப் போனாள். நெஞ்சுத் துடிப்பு மட்டும் அதே அலைவரிசையில் வந்துகொண்டிருந்தது.

ஒரு புயலுக்குப் பிறகு கப்பல் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். கப்பல் மூழ்கிவிட்டது, ஒருவரும் பிழைக்கவில்லை என்றார்கள். அம்மா அவர்களை உட்காரச் சொல்லி, ரேடியோவைத் திருகினாள். புள்ளி, கோடு, புள்ளி, கோடு.

"இப்படித்தான் முன்னாடியும் ஒரு தடவ சொன்னாங்க," என்றாள்.

அவர்கள் அலைவரிசையைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அது வருகிற திசைக்குப் படகுகளை அனுப்பப் போனார்கள்.