முகத்துக்குச் சொந்தக்காரி

"பேனாவைக் குடுங்க. எங்க கையெழுத்துப் போடணும்?" என்று அப்பா கேட்டபோது, அந்த ஒப்பந்தம் யாருடைய முகத்தைப் பற்றியதோ அவள் சமையலறையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். முடிவு பண்ணத் தெரியாமல் தவிக்கும் வாடிக்கையாளருக்கு ஃப்ரேமைத் தன் முகத்திலேயே மாட்டிக் காட்டுவாள். அப்படிக் காட்டும்போதுதான் கண்ணாடிக் கம்பெனியின் விளம்பரக்காரம்மா கண்ணில் பட்டாள். அந்தம்மாதான் இப்போது ஒப்பந்தத்தோடு வீட்டுக்கு வந்திருந்தாள். வீட்டில் அவளுக்குக் கறுப்பி என்று செல்லப்பெயர். செல்லம் என்று சொன்னது வீட்டார்தான். அவளை யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தத்தை அண்ணன் ஏற்கெனவே அலசி ஆராய்ந்திருந்தான். "கை தெரியுமா? பக்கத்துல ஆம்பள யாராவது நிப்பானா?"

"கண்ணாடி விளம்பரம் சார். மூக்கும் காதும்தான் தெரியும்," என்றாள் விளம்பரக்காரம்மா.

குடும்ப மானம் தப்பியது. கடைசிப் பக்கத்தை அவன் படிக்கவில்லை. பொடி எழுத்தில் இருந்ததால் முக்கியமான சங்கதியாக இருக்காது என்று முடிவுகட்டிவிட்டான்.

"உரிமையெல்லாம் என் பேர்ல எழுதிடுங்க," என்றார் அப்பா. "கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பேருக்கு மாத்திக்கலாம்."

வீட்டுமனையைப் பேர் மாற்றுவதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னார். தட்டோடு வந்தவள் அதைக் கேட்டாள். டீயை வைத்துவிட்டு, மேசைமேல் மாதிரிக்கு வைத்திருந்த ரோஸ் நிறப் பட்டாம்பூச்சி ஃப்ரேமை எடுத்து அப்பாவின் மூக்கில் மாட்டினாள்.

"எடுப்பா இருக்குப்பா. உரிமை உங்களுதுன்னா நாளைக்கு நீங்களே போய் கேமரா முன்னாடி நில்லுங்க."

அம்மா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சை மாற்றுவதற்காகத் தன் போனை விளம்பரக்காரம்மாவிடம் நீட்டினாள். "போட்டோவுல இவ இன்னும் அழகா இருப்பா. பாருங்க."

விளம்பரக்காரம்மா பார்த்தாள். "இது யாரு, மூத்த பொண்ணா?"

இவளேதான். அது கல்யாணத் தரகருக்குக் கொடுத்த படம். ஸ்டூடியோக்காரர் அவள் எப்போதும் போடும் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி எடுத்து, முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்தாற்போல வெளுத்துக் கொடுத்திருந்தார். அதைப் பார்த்து ஆசையாக வந்தவர்கள், நேரில் அவளைப் பார்த்ததும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஊர் போய்ச் சொல்லி அனுப்புவதாகக் கூறிப் போனார்கள். அந்தப் படத்தைக் கண்டாலே அவளுக்கு அழுகை வரும். அன்று கோபம்தான் வந்தது.

ஒப்பந்தத்தை இழுத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். படத்தை எக்காலத்துக்கும், எப்பொருளுக்கும், எவ்விதமாகவும் மாற்றிப் பயன்படுத்தும் உரிமை நிறுவனத்துக்கே உண்டாம்.

"மேடம், இதன்படி நீங்களும் எனக்கு வெள்ளையடிக்கலாமா?"

"அடிக்கலாம்மா," என்றாள் விளம்பரக்காரம்மா. "சிவப்பழகு க்ரீம் கம்பெனிக்குக் கூட வித்துடலாம். பூசறதுக்கு முன்னாடின்னு உன் மூஞ்சியப் போடுவாங்க."

"மாத்தி எழுத முடியுமா?"

"தெரியல. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"கெடுத்துடாதடி!" என்று அண்ணன் பதறினான். "வந்த வாய்ப்பு கை நழுவிப் போயிடும்."

அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. போய்விட்டால் மறுபடி அதே கடை, அதே கல்லா, அடுத்தவர் மூக்குக்கு அளவு பார்க்கும் அதே பிழைப்பு. ஆனாலும் சொன்னாள்: "ஒரு வருஷம். கண்ணாடிக்கு மட்டும். என் நெறத்துல கை வைக்கணும்னா என்னை எழுத்துல கேக்கணும். கையெழுத்து நான்தான் போடுவேன்."

விளம்பரக்காரம்மா போனோடு வாசலுக்குப் போனாள். உள்ளே இருந்த நாலு பேரும் டீயைத் தொடவில்லை. அப்பா பட்டாம்பூச்சிக் கண்ணாடியைக் கழற்றக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார்.

"முதலாளி பல்லைக் கடிச்சாரு," என்றபடி அவள் திரும்பி வந்தாள். "ஆனா சரின்னுட்டாரு."

பேனா அப்பாவின் கையில்தான் இருந்தது. மகள் கையை நீட்டினாள். மூடியைக் கழற்றிக் கொடுத்தார்.

பெரிய ரோட்டில் விளம்பரப் பலகை எழுந்தது. அதே கறுப்பு முகம், கண்ணாடியோடு, குறும்பாகச் சிரித்தது. சுற்றுவழி என்றாலும் அப்பா அந்த ரோடு வழியாகவே வீட்டுக்கு வரத் தொடங்கினார். கேட்டால் இந்தப் பக்கம் நிழல் அதிகம் என்பார்.

ஒரு சாயங்காலம் தரகர் போன் பண்ணினார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாப்பிள்ளை வீட்ல போர்டைப் பாத்துட்டாங்கம்மா. உங்க பொண்ணுதான்னு பெருமையாச் சொன்னேன். அது இருக்கட்டும், நீங்க போட்டோ அனுப்பினீங்களே, அந்தப் பொண்ணுதான் வேணும்ங்கறாங்க."

மகள் போனை வாங்கினாள்.

"தாராளமா கட்டிக்கச் சொல்லுங்கண்ணே. ஆனா அவ எங்க வீட்டுப் பொண்ணு இல்ல. அவளைப் பெத்தது ஸ்டூடியோக்காரர். அவர்கிட்டயே போய்ப் பொண்ணு கேக்கச் சொல்லுங்க."

அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டான். நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"அப்படியே ஸ்டூடியோ விலாசத்தையும் குடுத்துடும்மா. பாவம், அலையப்போறாங்க."