பெட்ராவுக்குப் புரிந்த மெயில்

ஆம்பூர் பைபாஸை ஒட்டிய அந்த ஷூ கம்பெனியின் எக்ஸ்போர்ட் ஆபீசில் இருதயராஜின் இங்கிலீஷுக்குத் தனி மவுசு உண்டு. அந்த மவுசைக் கிளப்பிவிட்டவரும் இருதயராஜேதான் என்பது வேறு விஷயம். ஒரு வரியில் முடிகிற சங்கதியை ஒரு பக்கத்துக்கு இழுக்கத் தெரியாதவனெல்லாம் எழுதத் தெரிந்தவனா என்று கேட்பார்.

அன்று எழுத வேண்டியிருந்தது நல்ல சங்கதி அல்ல. ஜெர்மனியிலிருந்து ஆர்டர் கொடுத்த பெட்ரா அம்மா, இந்தக் கலர்தான் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய தோல் துண்டு நல்ல பழுப்பு. இப்போது வந்து இறங்கியிருக்கும் தோலோ வெளுத்த பழுப்பு. வெட்டலாமா கூடாதா என்று அந்தம்மாதான் சொல்ல வேண்டும். வெட்டிய தோலை மறுபடி ஒட்டவா முடியும்? சொல்லாமல் வெட்டினால் மொத்த லாட்டும் வீண், ஆர்டரும் போய்விடும், கூடவே இருதயராஜின் நாற்காலியும்.

கெட்ட செய்தியை எடுத்த எடுப்பில் சொல்வது மரியாதையா? இருதயராஜ் முதலில் நலம் விசாரித்தார். பெட்ராவின் உடம்பு, அவர் ஊர்ப் பனி, வரப்போகிற கிறிஸ்துமஸ், இரு நாட்டு நட்பு என்று ஒன்றையும் விடவில்லை. கலர் விஷயத்தைக் கடைசிப் பாராவில், ‘சிறிதளவு வேறுபாடு தென்பட வாய்ப்புண்டு என்று தாழ்மையுடன் கருதுகிறோம்’ என்று பஞ்சு சுற்றி வைத்தார். அனுப்பிய பிறகும் தன் மெயிலைத் தானே ரசித்துப் படித்தார்.

மதியம் பதில் வந்தது. ‘உங்கள் அன்புக்கு நன்றி. உங்கள் குடும்பத்துக்கும் வாழ்த்துகள்.’ இருதயராஜுக்குத் தலைகால் புரியவில்லை.

புரொடக்‌ஷன் மேனேஜர் தன்சீல் அகமது கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “இன்னாப்பா, அந்தம்மா ஓகேன்னுட்டாங்களா? கட்டிங்ல ஆளுங்க சும்மா குந்தினு இருக்காங்க.”

“சூப்பரா ரிப்ளை பண்ணிக்கிறாங்க பாய்!”

“அப்ப வெட்டச் சொல்லிடுறேன்.”

அவர் போன பிறகு, இன்னொரு தடவை பூரித்துக்கொள்ளலாம் என்று இருதயராஜ் பதிலைத் திறந்தார். நன்றி இருந்தது, வாழ்த்து இருந்தது, தோலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தம்மா கடைசிப் பாரா வரைக்கும் வரவே இல்லை! தொப்பை முன்னே போக, பின்னாலேயே கட்டிங் ஹாலுக்கு ஓடினார். மேஜையில் தோலை விரித்து, வெட்டும் அச்சை அதன்மேல் வைத்துவிட்டிருந்தார்கள்.

“நிறுத்துங்க பாய்! கலரைப் பத்தி அவங்க ஒண்ணுமே சொல்லல!”

“பேஜார் புடிச்ச ஆளுய்யா நீ! அப்படி இன்னாதான் எழுதினே?”

“எல்லாத்தையும் எழுதினேன் பாய்.” சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டு தோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மொபைலில் படம் பிடித்தார். அவசரத்தில் அலங்காரம் எதுவும் கைகொடுக்கவில்லை. ‘இடது பக்கம் நீங்கள் கேட்டது. வலது பக்கம் வந்திருப்பது. வெட்டலாமா, வேண்டாமா?’ அவ்வளவுதான். கீழே தன் பெயரைப் போடக்கூட மறந்தார். ஒன்றாங்கிளாஸ் பிள்ளை எழுதியதுபோல் இருக்கிறதே என்று கூசிக்கொண்டே, தன் மெயிலை விட்டுவிட்டு ஆபீஸின் பொது மெயிலிலிருந்து அனுப்பினார்.

டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. ‘வெட்டாதீர்கள். சரியான கலர் வரும்வரை காத்திருக்கிறேன்.’ நாற்காலி தப்பியது. அதன் கீழே இன்னொரு வரி இருந்தது. ‘இதை எழுதியவர் யார்? இனிமேல் எல்லா மெயிலையும் அவரையே எழுதச் சொல்லுங்கள்.’

தோளுக்கு மேலே எட்டிப் படித்த தன்சீல் அகமது சிரிப்பை அடக்கப் பார்த்தார். “யாருன்னு சொல்லப் போறே?”

பழைய பழக்கத்தில் விரல் ‘பெருமதிப்பிற்குரிய’ என்று ஆரம்பித்துவிட்டது. இருதயராஜ் அதை அழித்தார்.

‘அவர் இன்றுதான் வேலைக்குச் சேர்ந்தார்’ என்று அனுப்பினார்.